இரண்டாவது கை

அதைப் பூ என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். கடல் சாமந்தி என்று பெயரில்தான் பூ. ஆள் அசல் மிருகம். வாய் உண்டு, வயிறு உண்டு, வாயைச் சுற்றி நூறு விரல் உண்டு. வாரத்துக்கு இரண்டு தடவை இறால் தின்னும். இருக்கிற இடம் பிடிக்கவில்லை என்றால் அடிக்காலைப் பெயர்த்துக்கொண்டு நடந்து போய்விடும். எங்கள் வீட்டு முன்னறையில், கல்யாணப் போட்டோவுக்கு நேர் கீழே, நூற்றைம்பது லிட்டர் கண்ணாடித் தொட்டியில் அது ராணி மாதிரி உட்கார்ந்திருந்தது. என் நாற்காலி சமையலறைக்குப் பக்கத்தில் போய்விட்டது.

அது வந்த காரணம் நியாயமானதுதான், மறைக்கவில்லை. என் மனைவி கிரேனாப்புக்கு ஐம்பதாவது வயதில் கைநடுக்கம் வந்தது. அவளுடைய தொழில் மக்ரூன். தூத்துக்குடியில் மக்ரூன் போடாத பேக்கரி கிடையாது. ஆனால் வீட்டில் போட்டு, ஆள் அனுப்பி வாங்கிப் போகிற அளவுக்குப் பெயர் எடுத்தவள் இவள். முட்டை வெள்ளையையும் சீனியையும் நுரைக்க அடித்து, முந்திரித்தூளைச் சேர்த்து, கூம்பில் அடைத்துத் தட்டில் பிழிவாள். ஒவ்வொன்றும் நேராக நிற்கும், நுனி ஊசியாக இருக்கும். கை நடுங்க ஆரம்பித்ததும் நுனிகள் சாய்ந்தன. மாத்திரை சாப்பிட்டாள்; நடுக்கம் குறைந்து வாந்தி கூடியது. அப்புறம்தான் ஆஸ்பத்திரியில் இந்த மருத்துவச் சாமந்தியைப் பற்றிச் சொன்னார்கள்.

கொண்டுவந்து வைத்தவர் டெரன்ஸ். சாமந்தி வளர்க்கும் கம்பெனியின் தொட்டிப் பராமரிப்பாளர். நாற்பது வயதிருக்கும். நல்ல உயரம், எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, சிரித்த முகம். சிரித்த முகம் என்பதை நான் முதல் நாளே குறித்துக்கொண்டேன்.

"சாதாரண சாமந்தியைத் தொட்டா கொட்டும் அண்ணாச்சி. கொட்டுற ஊசி வழியா விஷம் போகும். இதுல அந்த ஊசி வழியா மருந்தும் போற மாதிரி மாத்தியிருக்காங்க. பழகின கைன்னா மருந்து, பழகாத கைன்னா விஷம்" என்றார்.

"பழகின கைன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"கோமாளி மீன் சாமந்திக்குள்ளயே குடியிருக்குல்லா. அது முதல்ல வாலை வைக்கும், பிறகு வயித்தை வைக்கும், கொஞ்சம் கொஞ்சமா உரசிப் பழகும். அதே மாதிரிதான். தோல்ல ஊறுற எண்ணெயும் வேர்வையும் ஆளுக்கு ஆள் வேற. நூறு நாள் விடாம ஒரே கை வந்தா இது எழுதி வச்சிக்கிடும். ஒரு சாமந்திக்கு ஒரு கை." பிறகு கிரேனாப்பைப் பார்த்துச் சொன்னார்: "கை வைக்கும் முன்னால சோப்பு கூடாது, சென்ட் கூடாது. யாரையும் தொட்டுட்டு வந்தா, நாங்க தார பொடியைப் போட்டுக் கழுவிட்டுத்தான் வைக்கணும். மறந்துராதீங்க அக்கா."

அவள் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரித் தலையாட்டினாள்.

முதல் நூறு நாளும் அது அவளைக் கொட்டியது. முழங்கை வரை சிவந்து தடித்துப்போகும். பல்லைக் கடித்துக்கொண்டு பதினைந்து நிமிடம் கையை உள்ளேயே வைத்திருப்பாள். எனக்காக ஒரு நாளாவது இப்படிப் பொறுத்திருக்கிறாளா என்று நான் நினைத்தது அற்பத்தனம்தான். நினைத்தேன். நூற்றொன்றாம் நாள் கொட்டவில்லை. விரல்களெல்லாம் அவள் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டன. கையை வெளியே எடுத்தபோது நடுக்கம் நின்றிருந்தது, மறுநாள் வரை நின்றிருந்தது. அந்த வாரம் மக்ரூன்கள் எல்லாம் நிமிர்ந்து நின்றன.

நானும் சந்தோஷப்பட்டேன், ஒரு வாரம். எட்டாவது நாள் அவள் அதனோடு பேசுவதைக் கேட்டேன்.

"என்னம்மா, இன்னிக்கு மொகம் சின்னதா இருக்கு? வெளிச்சம் கூடிப்போச்சா? நேத்து இறாலைத் துப்பிட்டியே, பிடிக்கலையா?"

கிரேனாப் அதிகம் பேசுகிறவள் இல்லை. இருபத்தாறு வருஷக் கல்யாணத்தில் அவள் என்னிடம் கேட்ட கேள்விகளை இரண்டு கை விரலுக்குள் அடக்கிவிடலாம். சாப்பாடு வைக்கட்டா, சட்டையைத் துவைக்கப் போடட்டா. என் முகம் சின்னதாக இருக்கிறதா, பெரிதாக இருக்கிறதா என்று அவள் பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. நானும் உப்பளத்தில் முப்பது வருஷம் வெயிலில் நின்று கறுத்தவன். முகத்தில் பார்க்க ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டாளோ என்னவோ.

ஒரு நாள் அவள் கடைக்குப் போயிருந்தபோது நானும் தொட்டியில் கையை விட்டேன். கொட்டிய கொட்டில் பெருவிரல் கத்தரிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. அவள் திரும்பி வந்து பார்த்தாள். முதலில் தொட்டியைப் பார்த்தாள்.

"அதைப் போயி ஏன் நோண்டுதிய? பாருங்க, பயந்து சுருங்கிட்டு."

அதற்குப் பிறகு நான் அந்தத் தொட்டிப் பக்கம் போகவில்லை. ஆனால் பார்த்துக்கொண்டே இருந்தேன். பொறாமைப்படுகிறவன் எல்லாவற்றையும் நன்றாகப் பார்ப்பான். எதையும் சரியாகப் பார்க்கமாட்டான். இதை இப்போது சொல்கிறேன். அப்போது தெரியாது.

பார்த்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன். ஒன்று, காலையில் கை வைத்துக்கொண்டிருந்தவள் ஜூன் மாதத்திலிருந்து மத்தியானத்துக்கு மாற்றினாள். காலையில் அடுப்பு வேலை என்றாள். நான் விடிவதற்குள் அளத்துக்குப் போய், பாத்திகளில் தண்ணீரில் உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று டிகிரி பார்த்துவிட்டு, ஒரு மணிக்கு வந்து சாப்பிட்டுப் படுத்தால் மூன்று மணி வரை அடித்துப் போட்ட மாதிரித் தூங்குவேன். அந்த நேரத்தைத்தான் அவள் எடுத்துக்கொண்டாள். இன்னொன்று, தொட்டித் தண்ணீரின் மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம். மோந்து பார்த்தேன், தேங்காய் எண்ணெய். எங்கள் வீட்டில் இரண்டு பேருமே தலைக்கு எண்ணெய் வைப்பதில்லை. வைக்கிற தலை யாருடையது என்று எனக்குத் தெரியும். இருவரும் தொட்டிக்கு மேல் குனிந்து, தலையோடு தலை இடிக்க நிற்கிற காட்சி என் கண்ணை விட்டுப் போகவில்லை.

செப்டம்பரில் மக்ரூன்கள் மறுபடி சாயத் தொடங்கின. சாமந்தி நன்றாகத்தான் இருந்தது. விரலெல்லாம் பருத்து, பாறையை அழுத்திப் பிடித்துக்கொண்டு. மனசு வேறெங்கோ இருந்தால் கை எப்படி நிற்கும் என்று நான் முடிவு கட்டினேன். அந்த மாதம் ஒரு நாள் தொட்டியின் அடியில் இருக்கும் சின்னத் திரையில் கண் போனது. தண்ணீரின் சூடு, உப்பு, எல்லாம் அதில் தெரியும். கடைசி வரியில் எப்போதும் 'கை: 1' என்று இருக்கும். அன்றைக்கு 'கை: 2' என்று இருந்தது.

இரண்டாவது கை. நூறு நாள் விடாமல் என் வீட்டுக்குள் வந்த கை.

கேட்டுவிடலாம் என்று எழுந்து சமையலறை வாசல் வரை போனேன். அவள் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஆமா, நானும் பாத்தேன். யாரோட கைன்னு எனக்குத் தெரியும் டெரன்ஸ். அவியளுக்குத் தெரிய வேண்டாம். எனக்குப் பாதி போதும்."

நான் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். கேட்டிருக்கலாம். கேட்டால் அவள் பொய் சொல்வாளே என்று பயமில்லை. உண்மையைச் சொல்லிவிடுவாளோ என்றுதான் பயம். அந்த மனிதரை அடிக்க எனக்குத் தெம்பில்லை. அவளைத் திட்ட வாய் வரவில்லை. கையில் அகப்பட்டது அந்தப் பிராணிதான்.

வாராவாரம் தொட்டியில் இருபது லிட்டர் தண்ணீரை எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். கரைக் கடல் தண்ணீரை நம்ப முடியாது என்று கம்பெனியே உப்புப் பொடி கொடுக்கும், வாளி வாளியாக. எங்கிருந்தோ கப்பலில் வருகிற உப்பு. தூத்துக்குடியில், ஒரு உப்பளத்துக்காரன் வீட்டில், வெளியூர் உப்பு. அது வேறு ஆரம்பத்திலிருந்தே எனக்கு உறுத்திக்கொண்டிருந்தது. ஒரு சனிக்கிழமை வாளியைக் காலி செய்துவிட்டு, எங்கள் அளத்து உப்பை, முதல்தரமான வெள்ளை உப்பை, நைசாக அரைத்து நிரப்பி வைத்தேன். கொல்ல வேண்டும் என்று செய்யவில்லை. பாதி பொய்தான் இது, ஆனால் பாதி உண்மை. இந்த வீட்டில் என்னுடையது ஒன்று அந்தத் தொட்டிக்குள் போகட்டும் என்றும் நினைத்தேன். உப்புக்கும் உப்புக்கும் என்ன வித்தியாசம்? கரைத்து டிகிரி பார்த்தேன். கடலுக்கு என்ன உண்டோ அதே டிகிரி. முப்பது வருஷம் பார்த்த கண், தப்பாது.

டிகிரி தப்பவில்லை. மூன்றாவது வாரம் சாமந்தியின் விரல்கள் சூம்பின. நான்காவது வாரம் வாய் பிளந்து உள்வயிறு வெளியே தெரிந்தது. ஐந்தாவது வாரம் பாறையை விட்டுவிட்டுத் தொட்டியின் மூலையில் வந்து விழுந்து கிடந்தது. கிரேனாப்பின் கையில் காபி டம்ளர் கடகடவென்று ஆடியது. பொத்தான் போட முடியவில்லை. கிறிஸ்துமஸுக்கு ஒரு மாதம் இருக்கும்போது வாசலில் 'இந்த வருஷம் ஆர்டர் எடுக்கவில்லை' என்று எழுதிக் கட்டினாள். எழுத்து கோணல்மாணலாக இருந்தது. அதைப் பார்த்தபோதுதான், செய்த காரியத்தை நினைத்து எனக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது.

நான்தான் டெரன்ஸைக் கூப்பிட்டேன். அன்று மாலையே வந்தார். சிரிக்கவில்லை. தண்ணீரைச் சின்னக் குழாய்களில் எடுத்துச் சொட்டு மருந்து விட்டுப் பார்த்தார்.

"டிகிரி சரியா இருக்கு. ஆனா மக்னீசியம் இல்ல, சுண்ணாம்பு இல்ல, பொட்டாசியம் இல்ல. உப்பை யாரு மாத்தினது?"

கிரேனாப் என்னைப் பார்த்தாள். மாற்றக்கூடிய ஆள் வீட்டில் நான் ஒருவன்தான்.

"நம்ம அளத்து உப்புதான். அசல் கடல் உப்பு" என்றேன்.

"அண்ணாச்சி, பாத்தியில உப்பு விழுந்த பிறகு கசப்புத் தண்ணி மிஞ்சும்லா, அதை என்ன செய்வீங்க?"

"ஓடையில விட்டுருவோம்."

"சாமந்திக்கு வேண்டிய பாதி அதுலதான் இருக்கு. சுண்ணாம்பு அதுக்கும் முன்னாலயே அடியில படிஞ்சிரும். நீங்க போட்டது வெறும் உப்பு. அசல்ங்கிறதுதான் தப்பாப் போச்சு."

கசப்பு நீரை மடை திறந்து ஓடையில் விடுவது என் வேலைதான். முப்பது வருஷமாக என் கையால் விட்டிருக்கிறேன். எனக்குத் தெரியாத விஷயமில்லை. எரிச்சலில் மறந்துபோயிருந்தேன்.

"ஏன் செஞ்சிய?" என்று கேட்டாள் கிரேனாப். சத்தமே இல்லை.

அடக்கிவைத்ததெல்லாம் அப்போது வெளியே வந்துவிட்டது. "ஏன் செஞ்சேனா? அந்த ரெண்டாவது கை யாரோடது, அதை முதல்ல சொல்லு. நான் தூங்கும்போது வாரவன் யாரு? எனக்குப் பாதி போதும்னு யார்கிட்ட சொன்ன? எல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். தண்ணி மேல மெதக்கிற எண்ணெய் யாரு தலையிலேர்ந்து வந்தது?"

டெரன்ஸ் தன் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு சட்டைக் கையை மடக்கினார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை, பழையதும் புதியதுமாக, கொட்டுப்பட்ட தழும்புகள்.

"எந்த வீட்டுச் சாமந்திக்கும் என் கை ஆகாது அண்ணாச்சி. ஒண்ணோட பழகிட்டா மத்ததைப் பாக்க முடியாதுன்னு கம்பெனிக்காரன் எங்களைப் பழகவே விடமாட்டான்." ஒரு விரலைத் தண்ணீருக்குள் நீட்டினார். சூம்பிக் கிடந்த அந்த நிலையிலும் சாமந்தி ஒரு கொட்டு கொட்டியது. உதறிக்கொண்டு கையை எடுத்தார். "யாரோட கைன்னு அக்கா சொல்லல, நானும் கேக்கல. ஆனா இப்ப எனக்குத் தெரிஞ்சு போச்சு. நீங்க வைங்க."

"எனக்கா? பெருவிரல் வீங்கினது எனக்குத்தான் தெரியும்."

"வைங்க அண்ணாச்சி."

வீம்புக்கு வைத்தேன். கொட்டட்டும், வீங்கட்டும், எல்லோரும் பார்க்கட்டும் என்று உள்ளங்கையைத் திறந்து வைத்தேன். சாமந்தி கொட்டவில்லை. சூம்பிய விரல்கள் ஒவ்வொன்றாக அசைந்து என் விரல்களைத் தேடி வந்து பிடித்துக்கொண்டன. கொஞ்ச நேரத்தில், உப்புத் தண்ணீரில் கிடந்து கிடந்து வருஷக்கணக்காக என் விரல் முட்டிகளில் இருந்த வலி, நான் யாரிடமும் சொல்லாத வலி, இறங்குவது தெரிந்தது.

கிரேனாப் சமையலறைக்குள் போய்விட்டாள். டெரன்ஸ்தான் எனக்குச் சொன்னார், சின்னப் பையனுக்குச் சொல்வது போல. நீங்கள் தூங்கும்போது உங்கள் கையில் எண்ணெய் தடவிவிட்டு, பொடி போட்டுக் கழுவாமல், தினமும் அக்கா அதே கையைத் தொட்டியில் வைத்திருக்கிறார்கள். எண்ணெய் உங்கள் வேர்வையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு வந்திருக்கிறது. நூறு நாளில் சாமந்தி உங்களை எழுதிக்கொண்டுவிட்டது.

"ரெண்டு கைன்னு எழுதிட்டா மருந்தை ரெண்டாப் பங்கு வச்சிரும். பாதி அக்காவுக்கு. பாதியை உங்களுக்குன்னு எடுத்து வச்சிக்கிட்டு இருக்கும். நீங்கதான் வரவே இல்லையே."

அதனால்தான் செப்டம்பரில் மக்ரூன்கள் சாய்ந்தன.

சமையலறையில் அவள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தேங்காய் எண்ணெய்ப் புட்டி. என் உள்ளங்கை வெடிப்புகள் சில மாதங்களாக ஆறியிருந்தன. அளத்தில் புதிதாகக் கொடுத்த கையுறையின் புண்ணியம் என்று நான் நினைத்திருந்தேன்.

"முழிச்சிருக்கும்போது தடவக் கூடாதா?" என்று கேட்டேன்.

"முழிச்சிருந்தா கையைக் குடுப்பியளா? கல்யாணம் ஆன புதுசுல ஒரு நாள் எண்ணெய் எடுத்துட்டு வந்தேன். பொம்பளை மாதிரி எண்ணெய் தேய்ச்சுக்கிட்டுக் கெடக்கச் சொல்லுதியான்னு கையை உருவிக்கிட்டிய. பிறகு நான் கேக்கல." சேலைத் தலைப்பால் புட்டியைத் துடைத்தாள். "இந்த வருசம் உங்க வெடிப்புல ரத்தம் தலையணையில பட்டிருந்துச்சு. எனக்குக் கை நின்ன பிறகுதான் அடுத்தவங்க கையைப் பிடிக்கலாம்னு தைரியம் வந்தது. நடுங்குற கையால தொட்டா முழிச்சிருவியள்லா. பிறகு பொடி போட்டுக் கழுவ மனசு வரல."

நான் என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தேன்.

"எரிச்சல்னா என்கிட்ட காட்டியிருக்கலாம். அந்த வாயில்லாச் சீவன் என்ன செஞ்சுது?" என்றாள்.

டெரன்ஸ் தண்ணீரை ஒரேயடியாக மாற்றவில்லை. அதிர்ச்சியில் செத்துவிடுமாம். தினம் பத்து லிட்டர், கம்பெனி உப்பு. விளக்கைக் குறைத்தார். பாறையைக் கால் பிடிக்கும்வரை இறால் கூடாது என்றார். கசப்புத் தண்ணீர் வேண்டுமானால் அளத்திலிருந்து கேன் கேனாகக் கொண்டுவருகிறேன் என்றேன். "வேண்டாம் அண்ணாச்சி, நீங்க எதையும் கொண்டுவராதீங்க" என்றார். போகும்போது வாசலில் நின்று கடைசியாக ஒன்று சொன்னார்.

"இது பிழைச்சாலும் ரெண்டு பேருக்கு மருந்து சுரக்காது. ஒரு கை அழியணும்."

"என்னோடதை அழிச்சிருங்க."

"நான் அழிக்க முடியாது. அதுவா மறக்கணும். தொண்ணூறு நாள் உங்க வாசனையே அதுக்கு வரக்கூடாது. அக்கா உங்களைத் தொடக்கூடாது, உங்க துணி துவைக்கக்கூடாது. நடுவுல ஒரு நாள் பட்டாலும் மறுபடி ஒண்ணுலேர்ந்து எண்ணணும்."

"பொடி போட்டுக் கழுவினா?"

"புதுக் கைக்குத்தான் பொடி. எழுதின கையோட வாசனை ஒரு துளி இருந்தாலும் கண்டுபிடிச்சிரும்."

தொண்ணூறு நாள்தானே என்றேன். இருபத்தாறு வருஷத்தில் நாங்கள் தொட்டுக்கொண்ட நாட்களை எண்ணினால் அதைவிடக் குறைவாகத்தான் வரும் என்று நினைத்தேன். எண்ணத் தெரியாதவன்தான் அப்படி நினைப்பான். அவள் டம்ளரை மேசையில் வைப்பாள், கையை எடுத்தபிறகு நான் எடுப்பேன். என் துணியை நானே துவைத்தேன். மத்தியானம் உள்ளறையில் படுக்காமல் பின்கட்டில் பாய் விரித்தேன். சுவரில் நாட்காட்டி மாட்டி, தினமும் ஒரு கோடு போட்டேன். இருபதாம் நாள் சாமந்தி பாறையைப் பிடித்தது. முப்பத்தைந்தாம் நாள் இறால் தின்றது. கிரேனாப்பின் கையில் டம்ளர் ஆடுவது நின்றது. அவள் அதனோடு பேசுவது பின்கட்டு வரை கேட்கும். என் உள்ளங்கை மறுபடி வெடித்தது. பொறாமை போய்விட்டது என்று யாராவது நினைத்தால் அது தப்பு. முன்பு சந்தேகத்தில் எரிந்தேன். இப்போது அவள் எனக்குக் கொடுத்தது என்ன என்று தெரிந்துகொண்டு எரிந்தேன். இரண்டாவதுதான் கொடுமை.

அறுபத்திரண்டாம் நாள் மத்தியானம். பாயில் கண்ணை மூடிக் கிடந்தேன், தூக்கம் வரவில்லை. காலடி கேட்டது. தண்ணீர் எடுக்க வருகிறாள் என்று நினைத்தேன். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். புட்டி மூடியைத் திருகுகிற சத்தம் கேட்டது.

இன்னும் இருபத்தெட்டு நாள் இருக்கிறது, போ என்று சொல்ல வேண்டும். வெறும் இருபத்தெட்டு நாள். அவளுடைய கை, அவளுடைய தொழில், வாசலில் கோணலாக எழுதிய அட்டை, எல்லாம் என் நினைவுக்கு வந்தன. அவளுக்கும் தெரியாமல் இருக்குமா? தெரிந்துதான் வந்திருக்கிறாள். கண்ணைத் திறந்தால் எழுந்து போய்விடுவாள். பிறகு என்றைக்கும் வரமாட்டாள்.

விரலை மெதுவாகப் பிரித்தாள். உள்ளங்கை நடுவில் எண்ணெய் குளிர்ந்தது. அவள் கை லேசாக நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. இப்படிப்பட்ட கையால் யார் தொட்டாலும் எவனும் விழித்துக்கொள்வான். நான் மூச்சை நிதானமாக இழுத்து விட்டேன், தூங்குகிறவன் விடுவது போல. வெட்கமாக இருந்தது. ஒரு பிராணியோடு போட்டி போட்டு ஜெயித்திருந்தேன், அவளுடைய கையைப் பணயம் வைத்து. ஆனாலும் கண்ணைத் திறக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் முன்னறையிலிருந்து தண்ணீர் சலசலப்பதும் அவள் குரலும் கேட்டன. "என்னம்மா, தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். மாலையில் போய்த் திரையைப் பார்த்தேன். கடைசி வரியில் அதே 'கை: 2'; கோடுகளை மறுபடி ஒன்றிலிருந்து போட வேண்டும். நாட்காட்டியைச் சுவரிலிருந்து கழற்றிப் பரணில் போட்டேன். அவள் பார்த்தாள்.

மறுநாள் காலையில் அவள் மேசைமேல் ஒரு தட்டு மக்ரூனை வைத்தாள். எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, நல்லா வந்திருக்கு என்றேன்.